எஞ்சின் ஆற இருபது நிமிடம்

கார் வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. அதற்காகத்தான் அந்தக் காரை வாங்கியதே.

லிஃப்ட் சார் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை இரண்டில் வைத்து, ஷூவைக் கழற்றிப் பக்கத்து இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு, சீட்டைப் பின்னால் சாய்த்தார். மணி ஆறரை. அவருக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் பதினைந்து அடி தூரம். அந்தப் பதினைந்து அடியைக் கடக்க அவருக்கு இருபது நிமிடம் வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான்.

தெருவில் எல்லோரும் அவரை லிஃப்ட் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவசர அழைப்புப் பிரிவில் வேலை. ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும், உள்ளே மாட்டியவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அது நேராக வந்து இவர் காதில் விழும். "பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. ஆள் கிளம்பிட்டாங்க" என்று இவர் சொல்ல வேண்டும். ஆள் அப்போதுதான் சட்டை பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் போய்ச் சேர்ந்து கதவைத் திறக்கும்வரை, உள்ளே இருப்பவரோடு பேச்சை நிறுத்தக் கூடாது என்பது கம்பெனியின் விதி. போன வாரம் ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் தன் பள்ளிக்கூடப் பருவத்தில் தொடங்கி, மூட்டு வலி வரைக்கும் வந்துவிட்டு, கதவு திறந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் நடையைக் கட்டிவிட்டார்.

எட்டு மணி நேரம் பெட்டிக்குள் மாட்டியவர்களோடு பேசிவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்குள் போகும் முன் தானாக ஒரு பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. களைப்பு, அவ்வளவுதான்.

பழைய கார் டீசல். வாங்கிய அன்று மெக்கானிக், "நிறுத்தினதும் டக்குனு அணைக்காதீங்க சார். ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைங்க, எஞ்சின் ஆறணும்" என்றார். லிஃப்ட் சார் அதை வீட்டில் சொன்னபோது ஒரு நிமிடம் இருபது நிமிடமாகியிருந்தது. வாய் தவறி வந்ததல்ல. வேண்டுமென்றே சொன்ன பொய்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசலில் கார் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அவர் உள்ளே கண்ணை மூடிக் கிடப்பார். இருபதாவது நிமிடம் சாவியைத் திருப்புவார். தெரு அமைதியாகும். உள்ளே போனால் மனைவி அடுப்படியில் நிற்பாள், மாமனார் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருப்பார், மகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். குடும்பம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஆற இவ்வளவு நேரமா என்று பதினோரு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. தான் சொன்ன பொய்யின் தரத்தைப் பற்றி அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

பழைய கார் ஒருநாள் நடுவழியில் உயிரை விட்டது. புது மின்சாரக் கார் பார்க்கப் போனபோது மனைவி டிக்கியைத் திறந்து பார்த்தாள், மாமனார் சக்கரத்தின் சுற்றளவைக் கேட்டார், மகள் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்த்தாள். லிஃப்ட் சார் பார்த்தது ஒன்றே ஒன்று. சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் வந்ததே தெரியாது. வந்ததே தெரியாவிட்டால் பொய்யே தேவையில்லை.

"மெதுவாப் போறப்ப மட்டும் ஒரு செயற்கைச் சத்தம் வரும் சார். நடந்து போறவங்களுக்கு வண்டி வர்றது தெரியணும்ல" என்றாள் சர்வீஸ் சென்டரின் டெக்னீஷியன் அம்மாள். நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் வைத்துக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டே பேசுகிறவள்.

"அதை நிறுத்த முடியுமா?"

"இந்தப் பொத்தானை அமுக்கினா நிக்கும். ஆனா அமுக்காதீங்க."

முதல் நாளே அமுக்கிவிட்டார்.

அன்று ஆறு ஐம்பதுக்கு ஷூவை மாட்டிக்கொண்டு, புது மனிதராக வீட்டுக் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஹாலின் நடுவே மனைவி தரையில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் திருத்தாத விடைத்தாள் கட்டு ஒன்று. அவளுடைய கண் திறந்திருந்தது, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார், மருமகனுடைய நாற்காலியில், இரண்டு காலையும் டீப்பாய் மேல் போட்டு, பேத்தியின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்திருந்தார். மகள் பள்ளிச் சீருடையோடு சோபாவில் குப்புறக் கிடந்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. யாரும் அசையவில்லை.

கேஸ் கசிவோ என்று அவருக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. வாய் மட்டும் தொழில் பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது.

"பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மனைவியின் தலை டீப்பாயில் இடித்தது. டீப்பாயிலிருந்த மாமனாரின் டீக் கோப்பை தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது. மகள் ஒற்றை ஷூவோடு அறைக்குள் ஓடினாள்.

"என்னங்க இது, திருடன் மாதிரி வந்து நிக்கறீங்க? மனுஷன் வர்றதுக்கு ஒரு சத்தம் வேணாமா?"

"மின்சாரக் கார்ல சத்தம் வராதும்மா."

"வர மாதிரி ஏதாவது பண்ணுங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை கால் கழுவி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல ஆரம்பித்தார். "இன்னிக்கு என்னாச்சு தெரியுமா? பன்னிரண்டாவது மாடில ஒரு அம்மா…" அந்த அம்மா வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று. கதை முடியவும் அதே அளவு நேரம் ஆயிற்று. அதன் பிறகு ஆறாவது மாடிக்காரர் காத்திருந்தார். மனைவி ஒரு "ம்" சொன்னாள், மாமனார் ஒரு "ம்" சொன்னார், மகள் உள்ளேயிருந்து ஒரு "ம்" சொன்னாள். வீட்டில் தன் பேச்சைக் கேட்க ஆள் இருப்பது அவருக்கு எப்போதும் ஆறுதல்.

அடுத்த நாள் சீட்டைச் சாய்த்ததும் ஜன்னல் திரை லேசாக விலகி மூடுவதைக் கவனித்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி விலகியது. அதற்கடுத்த நாள் மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பது போலத் தோன்றியது. இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வேவு பார்க்கிறார்கள் என்று நினைக்கையில் தூக்கம் எங்கே வரும்?

நான்காம் நாள், எதிர் வீட்டுப் பாட்டு டீச்சர் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து தெருவுக்கு வந்தார். கார் அவருக்கு இரண்டடி பின்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்த்து அவர் போட்ட அலறல் மேல் சுருதியில் சுத்தமாக இருந்தது. காரும் சுத்தமாகக் கழுவப்பட்டது.

"கொஞ்சம் சத்தம் கொடுத்துட்டு வாங்க சார். எனக்கு இன்னும் அஞ்சு பிள்ளைங்க அரங்கேற்றம் பாக்கி இருக்கு."

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி வாசலிலிருந்து. அவள் முகத்தில் வெற்றிக்களை தெரிந்தது.

மறுநாள் மதியம் லிஃப்ட் சார் சர்வீஸ் சென்டரில் இருந்தார். டெக்னீஷியன் அம்மாள் பொத்தானைப் பூட்டிவிட்டு, எட்டு வகைச் சத்தங்களைப் போட்டுக் காட்டினாள். இருப்பதிலேயே சாதுவானது 'தென்றல்'. அதையே வைக்கச் சொன்னார்.

தென்றல் தெருவுக்குள் நுழைந்தபோது, வயிறு சரியில்லாத ஒருவர் கழிவறையில் விடும் பெருமூச்சு மாதிரி கேட்டது. வாசலில் கார் நின்றதும் சத்தமும் நின்றது. சரி, வந்தது தெரிந்துவிட்டது, உடனே போகாவிட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள் என்று சீட்டைச் சாய்த்தார். மூன்று நாள் பாக்கித் தூக்கம் ஒரேயடியாக வந்து அமுக்கியது.

கண்ணாடியை யாரோ படபடவென்று தட்டினார்கள். விழித்துப் பார்த்தால் மாமனாரின் முகம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் பாட்டு டீச்சர். டீச்சருக்குப் பின்னால் வயது வாரியாக ஐந்து மாணவிகள்.

"மாப்ள, நெஞ்சு வலியா?"

"இல்ல மாமா."

"வந்து பத்து நிமிஷம் ஆச்சு. ஆளைக் காணோம். எட்டிப் பாத்தா வாயைத் திறந்துக்கிட்டு கிடக்கீங்க. நான் என்னன்னு நினைக்கறது?"

லிஃப்ட் சாருக்குப் பழைய பொய்தான் கைகொடுத்தது. "பேட்டரி ஆறணும் மாமா. இதுக்கும் இருபது நிமிஷம்."

ஆளைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மாமனார் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கடைக்காரர்களின் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தவர். அன்று இரவே காரின் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மருமகனிடம் வந்தார்.

"பேட்டரி ஆறணும்னு எங்கயும் போடல மாப்ள. நிறுத்தினா இறங்கிப் போக வேண்டியதுதானாம். எழுபத்தாறாம் பக்கம்."

லிஃப்ட் சார் நுரையோடு தலையாட்டினார். குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி விசாரணைதான் என்று நினைத்தார். ஆனால் மாமனார் கோபப்படவில்லை. கையேட்டை மூடிவிட்டு, "முன்ன எல்லாத்துக்கும் ஒரு அளவு இருந்துச்சு" என்றார் சோர்வாக. "இப்ப எது எப்ப நடக்கும்னே தெரியல."

மனைவியும் தென்றலை ஏற்கவில்லை.

"இந்தச் சத்தம் சரியில்ல."

"சத்தம்தானே கேட்ட? வருதுல்ல?"

"வருது. சரியில்ல. பழைய வண்டில ஒரு நிம்மதி இருந்துச்சு. இதுல இல்ல."

அதற்கு மேல் அவள் பிடி கொடுக்கவில்லை. மெல்லிய சத்தம் பிடிக்கவில்லை போலும் என்று முடிவு செய்து லிஃப்ட் சார் அடுத்த வாரம் 'விண்கலம்' வைத்தார். தெரு நாய்கள் நான்கு அதைத் தலைவனாக ஏற்றுக்கொண்டு பின்னாலேயே வந்து, வீட்டு வாசலில் வட்டமாக உட்கார்ந்தன. அவர் இறங்கும்வரை அவை கிளம்பவில்லை. "சரியில்ல" என்றாள் மனைவி. 'தேனீ' வைத்தார். அன்று சாயங்காலமே பாட்டு டீச்சர் வந்துவிட்டார்.

"சார், உங்க காரோட சத்தம் ரெண்டு சுரத்துக்கு நடுவுல நிக்குது. ஒண்ணு மேல போகணும், இல்ல கீழ வரணும். நடுவுல நின்னா எப்படி? அஞ்சு பிள்ளைங்களும் அதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுதுங்க. ஆறு வருஷம் சொல்லிக் கொடுத்தது ஆறு நிமிஷத்துல போச்சு."

"மன்னிச்சுக்குங்க டீச்சர்."

"என்ன பிரச்சனைன்னா, அஞ்சும் ஒண்ணா விலகுது. ஒத்துமையா இருக்குது. திருத்த முடியல."

டீச்சர் போனதும் மனைவி "தேனீயும் சரியில்ல" என்றாள். "வந்ததும் நின்னு போகுது. மனசு பதறுது." லிஃப்ட் சார் இதை ஒரு பெண்ணின் நுட்பமான காது என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வாரமாக அவர் சரியாகக் கண்ணயரவில்லை. ஆபீஸில் ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு "நான் இங்க தனியா இருக்கேன் சார்" என்று அழுதபோது, "கொடுத்து வெச்சவர் நீங்க" என்று சொல்லிவிட்டு மேலதிகாரியிடம் விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்.

வாசலில் நின்றால்தானே இந்தப் பாடு என்று தோன்றியது. மறுநாள் வீட்டுக்கு வராமல் தெருமுனையிலேயே, மூடிக்கிடந்த தையல் கடை நிழலில் காரை நிறுத்தினார். திரை இல்லை, மாமனார் இல்லை, சுருதி இல்லை. சீட்டைச் சாய்த்து, கண்ணை மூடினார். ஆகா என்று ஒரு மூச்சு விட்டார்.

பின்கதவு திறந்தது. இரண்டு பெட்டிகள் உள்ளே வந்தன. அவற்றைத் தொடர்ந்து ஒரு கணவரும் மனைவியும் வந்தார்கள்.

"ஸ்டேஷன் போங்க. ஏற்கெனவே லேட்டு."

லிஃப்ட் சார் திரும்பிப் பார்த்தார். இது டாக்ஸி இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். பிறகு போனை எடுத்துப் பார்ப்பார்கள், நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள், பெட்டியை இறக்குவார்கள். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம்தான். அவர் காரை எடுத்தார்.

"எல்லாம் உங்களாலதான். ரயில் போயிருக்கும்" என்றாள் பின்னாலிருந்த பெண்.

"பயப்படாதீங்க" என்றார் லிஃப்ட் சார் தன்னை அறியாமல். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

அவ்வளவு அனுசரணையாக ஒரு டிரைவர் பேசி அவர்கள் கேட்டதில்லை. ஸ்டேஷன் வரும் வரை கணவர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகத் தங்கள் இருபது வருட வாழ்க்கையைச் சொல்லி நியாயம் கேட்டார்கள். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, நெரிசலில் நீந்தி, வீடு வந்து சேர்ந்தபோது மணி எட்டு.

அதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. பாட்டு டீச்சரின் மாணவி ஒருத்தியின் அம்மா ஸ்டேஷனில் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தது பெட்டி இறக்கும் லிஃப்ட் சாரை. அவள் டீச்சரிடம் சொன்னது, லிஃப்ட் சார் டாக்ஸி ஓட்டுகிறார் என்று. டீச்சர் வீட்டில் வந்து சொன்னது, சாருக்கு வேலை போய்விட்டதாமே என்று.

வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காருங்க மாப்ள, உக்காருங்க" என்றார். மனைவி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேலை போனா என்னங்க. நான் சம்பாதிக்கறேன்ல. இதைப் போய் எங்ககிட்ட மறைப்பாங்களா?"

"வேலை போகல."

"அப்ப ஏன் டாக்ஸி ஓட்டினீங்க?"

"ஓட்டல. அவங்க ஏறிட்டாங்க."

"ஏறினா இறங்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத் தெம்பில்லம்மா" என்றார் லிஃப்ட் சார். அந்த மாதத்தில் அவர் அந்த வீட்டில் மனம் திறந்து சொன்ன ஒரே உண்மை அது. சொன்னதும் அவருக்குக் கண் கலங்கியது. டீயைக் குடித்து மறைத்தார்.

 மனைவி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார்.

"சனிக்கிழமை கார் எனக்கு வேணும்" என்றாள்.

சனிக்கிழமை லிஃப்ட் சாருக்கு ஆபீஸ் உண்டு. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். கார் வாசலில் நின்றது. பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. "எங்க போனே?" என்று கேட்டதற்கு, "சும்மா, ஒரு வேலை" என்றாள்.

என்ன வேலை என்பது திங்கட்கிழமை காலை தெரிந்தது. ஆபீஸுக்குக் கிளம்பப் பவர் பொத்தானை அமுக்கியதும் கார் இருமியது. பழைய டீசல் காரின் அதே இருமல். பிறகு தடதட. ஏதோ பழைய வீடியோவில் பின்னால் பதிவாகியிருந்த சத்தத்தை எடுத்து உள்ளே ஏற்றியிருக்கிறார்கள். செத்துப்போன கார் ஆவியாக வந்து புதுக் காருக்குள் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வழியெல்லாம் தடதடத்துக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. முன்பெல்லாம் கார் நின்றால் தென்றலும் தேனீயும் நின்றுவிடும். இது நின்ற இடத்தில் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. பொத்தானை அமுக்கிப் பார்த்தார். பூட்டியிருந்தது. ஏ.சி. போனாலும் பரவாயில்லை என்று பவரை அணைத்தால்தான் சத்தம் அடங்கும் போலிருந்தது.

இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவருக்குத் தெரிந்தது. மேயப் போகும் மாட்டுக்குக் கட்டுவது போலத் தனக்கு மணி கட்டிவிட்டார்கள். இனி ஒரு நிமிடம் வாசலில் நின்றாலும் ஊருக்கே தெரியும். பழைய காரில் எஞ்சின் ஆற வேண்டும் என்ற சாக்காவது இருந்தது. இதில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது? உள்ளே எஞ்சினே கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமனாருக்குப் பக்க எண்ணோடு தெரியும்.

நான்கு நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். அவமானமாக இருந்தது. அணைத்துவிட்டு உள்ளே போனார்.

மனைவி தரையிலிருந்து பாதி எழுந்த நிலையில் இருந்தாள். மாமனார் ஒரு காலை டீப்பாயிலிருந்து எடுத்து மறு காலை எடுக்காமல் இருந்தார்.

"அதுக்குள்ளயா?" என்றாள் மனைவி.

"அதுக்குள்ளயான்னா?"

"ஒண்ணுமில்ல. வாங்க."

அன்று அவர் எந்த மாடியைப் பற்றியும் பேசவில்லை. பேச்சே பிடிக்கவில்லை. பாட்டு டீச்சர் மட்டும் வாசலில் நின்று, பழைய சத்தம் வந்ததும் பிள்ளைகள் சுருதிக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனார். டெக்னீஷியன் அம்மாள் ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்தாள்.

"இந்தச் சத்தத்தை எடுத்துடுங்கம்மா" என்றார்.

"ஏன் சார், நல்லா வந்திருக்கே? அந்த இருமலுக்கே எனக்கு அரை நாள் ஆச்சு."

"ஓடறப்ப வரட்டும். இருமட்டும், என்ன வேணா பண்ணட்டும். நின்ன பிறகு வரக் கூடாது."

"அது முடியாது சார். மேடம் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. நின்ன பிறகு வர்றதுதான் முக்கியமாம். ஓடறப்ப வரலைன்னாக்கூடப் பரவாயில்லன்னாங்க."

லிஃப்ட் சார் அங்கே கிடந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். நாள் முழுவதும் மற்றவர்கள் தன்னிடம் கொட்டுவதைக் கேட்டே பழகியவர், முதல் முறையாக ஒரு அந்நிய மனுஷியிடம் தான் கொட்டினார். லிஃப்டைச் சொன்னார், சிவப்புப் பொத்தானைச் சொன்னார், டீசல் எஞ்சின் ஆற ஒரு நிமிடம்தான் என்பதைச் சொன்னார், அதை இருபதாக்கியதைச் சொன்னார். வீட்டின் மேல் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். மூன்று பேரும் தங்கமானவர்கள் என்றார். ஆனால் அந்தத் தங்கத்தைப் பார்க்கும் முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்.

"ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்மா. அதுக்கு மேல நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கல. யாரும் கூப்பிடாம, நானும் யாரையும் கூப்பிடாம, சும்மாக் கிடக்கணும். அது வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க."

டெக்னீஷியன் அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தேடி, தலைமேல் கண்டுபிடித்து, மூக்கில் இறக்கினாள். மேஜையிலிருந்து சனிக்கிழமை வேலைச் சீட்டை எடுத்து ஒரு முறை படித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மேடம், பெரியவர், பாப்பா மூணு பேரும் வந்து, பதினோரு வருஷமா நீங்க எஞ்சினை அணைக்கற வரைக்குமான அந்த இருபது நிமிஷந்தான் எங்களுக்குன்னு இருக்கற நேரம், இப்ப நீங்க எப்ப உள்ள வருவீங்கன்னு தெரியாம ஒரு நாள்கூடப் படுக்க முடியலன்னு, இதையேதான் சார் இதே டயர்மேல உக்காந்து சொன்னாங்க, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னும் சொன்னாங்க, தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்களாம்."